மருந்துக்காரர் வளர்த்த வண்டுகள்

என் மனைவியின் அண்ணனுக்கு நர்சரியில் மருந்துக்காரர் என்று பெயர். எனக்கு மச்சான். பத்தொன்பது வருஷம் முதுகில் நீல டேங்கை மாட்டிக்கொண்டு செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்தவர். நான் அதே நர்சரியில் தண்ணீர்க் குழாய் பார்க்கிறவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், தங்கையைக் கொடுத்ததும் அவர்தான். இரண்டில் எது பெரிய உபகாரம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியவன்.

பேச்சு கம்மியான மனிதர். நாலு வார்த்தையில் முடியும் விஷயத்துக்கு இரண்டு வார்த்தை போதும் என்பார், அதையும் தலையாட்டிச் சொல்லிவிடுவார். வேலையில் மட்டும் கெட்டிக்காரர். பத்தடி தள்ளி நின்றே எந்தச் செடியில் என்ன பூச்சி என்று சொல்லிவிடுவார். மருந்து அடிக்கும்முன் ஒரு காய்ந்த இலையைக் கசக்கிக் கையைத் திறந்து, தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். காற்றைப் பார்க்கத் தெரிந்த மனிதருக்கு மூக்கை மூடத் தெரியவில்லை. முகமூடி கொடுத்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று அதைக் கிடங்கின் ஆணியில் மாட்டிவிட்டு, ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்வார். பத்தொன்பது வருஷம் அப்படியே போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஒருநாள் நான் மூன்றாம் ஷெட்டுக்கு வெளியே குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். டேங்கோடு வெளியே வந்தவர் படியில் உட்கார்ந்தார். அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

"மாப்ள, வெளிச்சம் கொறஞ்சிடுச்சா?" என்றார்.

உச்சி வெயில். என் நிழலே காலடியில்தான் கிடந்தது. முகத்தைப் பார்த்தேன். சட்டை பிழிந்தெடுக்கிற அளவுக்கு வேர்வை, கடைவாயில் எச்சில் நூலாக வழிகிறது, அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. டேங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொட்டி ஏற்றிப் போகும் வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் இமையைத் தூக்கியபோது நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணுக்குள் இருக்கும் கறுப்புமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அந்தப் புள்ளியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பதினொரு நாள் கழித்து அனுப்பும்போது டாக்டர் என்னையும் மச்சானின் மனைவியையும் தனியாகக் கூப்பிட்டார். "நல்லா கேட்டுக்கங்க. இனிமே அந்த மருந்து இவர் உடம்புல ஏறிச்சுன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றிலிருந்து அந்த அக்காவுக்கு ஒரு வேலை கூடிவிட்டது. மச்சான் வெளியே போய் வந்தால், செருப்பைக் கழற்றும் முன்னால் அவரை ஜன்னல் பக்கம் இழுத்து, "கண்ணக் காட்டுங்க" என்பாள். இமையைத் தூக்கி, மருந்து ஏறினால் சுருங்கும் அந்தக் கறுப்புமணியின் அளவைப் பார்ப்பாள். பார்த்து முடிக்கும்வரை மூச்சு விடமாட்டாள். மச்சானும் சின்னப் பிள்ளை மாதிரி நிற்பார். என் மனைவி அங்கே போனால் அவளும் ஒரு தடவை பார்ப்பாள். போதாக்குறைக்கு என்னிடம் திரும்பி, "அவர் கூடவே இருக்கறது நீங்கதான். அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்" என்பாள். குழாய் ஒழுகினால் என்னைக் கேட்கலாம். மனுஷன் உயிருக்கு நான் எப்படி ஜவாப்பு சொல்வேன். ஆனால் அந்தப் பேச்சு என் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது, இறங்கவே இல்லை.

உடம்பு தேறியதும் மச்சான் வேலைக்கு வந்து முதலாளியம்மா முன்னால் நின்றார். கை நடுக்கம் மட்டும் போகவில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் பாதி தரைக்குப் போகும்.

"ஒட்டுக்கட்ட முடியாது, தொட்டி தூக்க முடியாது. நான் என்ன வேலைதான் குடுக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா. கெட்டவர் இல்லை. கணக்காகப் பேசுகிறவர்.

"டேங்கையே தூக்கிக்கிறேன்மா. முகமூடி போட்டுக்கிறேன்" என்றார் மச்சான்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேறு வழி இல்லை என்றால் நாளைக்கே தூக்கிவிடுவார்.

அந்த அம்மாவும் பயந்துதான் போனார். யோசித்தார். அப்போதுதான் மச்சான் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். விவசாய ஆபீஸில் வாங்கியதாம். செடியைத் தின்னும் பூச்சியைப் பிடித்துத் தின்னும் வண்டுகளை அங்கே வளர்த்துக் கொடுக்கிறார்களாம். அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து தொடர்ச்சியாக ஏழெட்டு வாக்கியம் கேட்டேன்.

"நான் மருந்து அடிச்சா மொதல்ல சாகறது இந்த வண்டுதான்மா. மாவுப்பூச்சி கணுக்குள்ள ஒளிஞ்சுக்கும். பதினஞ்சு நாள்ல திரும்ப வரும். தின்ன ஆளு இருக்காது. அதனால ரெண்டு மடங்கா வரும். நான் திரும்ப அடிப்பேன். பத்தொம்பது வருஷமா இதான் நடக்குது. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

முதலாளியம்மா அந்தத் தாளில் இருந்த கறுப்பு வண்டின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாலாம் நம்பர் ஷெட்டைக் கொடுத்தார். பன்னிரண்டு மேசை, எல்லாம் செம்பருத்தித் தொட்டி. இலைக்கணுவெல்லாம் பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி.

"ஆறு வாரம். அதுக்கப்புறம் ஓட்டல்காரங்க செடி எடுக்க வருவாங்க. அப்பவும் வெள்ளை தெரிஞ்சா மருந்துதான். அத நீங்க அடிச்சாலும் சரி, வேற ஆள் வந்தாலும் சரி."

வேற ஆள் வந்தால் மச்சானுக்கு வேலை இல்லை. வேலை இல்லாமல் இருக்க அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆக, ஆறு வாரம் கழித்து டேங்க் அவர் முதுகில்தான் ஏறும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கிடங்கில் அந்த நீல டேங்க் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கிடங்கு வாசலைத் தாண்டினால் நாலாம் ஷெட் இருபதடி. மச்சான் அந்தப் பக்கம் போகமாட்டார். உரக்குழியைச் சுற்றிக்கொண்டு போவார்.

முதலில் எறும்பை ஒழிக்க வேண்டும் என்றார். மாவுப்பூச்சி விடும் இனிப்புத் தண்ணீரை நக்குவதற்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கிறது, வண்டு கிட்டே வந்தால் கடித்துத் துரத்திவிடும். அதனால் ஒவ்வொரு மேசைக்காலின் அடியிலும் ஒரு தகர டப்பா வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். டப்பா காயாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "என்ன மருந்துக்காரரே, இப்ப வண்டுக்காரர் ஆயிட்டீங்களா? வண்டுக்கெல்லாம் காலைல வருகைப் பதிவு உண்டா?"

"உங்களவிட நேரத்துக்கு வரும்" என்றேன் நான். மச்சான் சிரிக்கவில்லை. டப்பாவை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை, வெயில் தாழ்ந்தபிறகு, வண்டுப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றும் ஒரு மிளகளவுகூட இருக்காது. கறுப்பு உடம்பு, தலை மட்டும் துருப்பிடித்த நிறம். இருநூறு வண்டு. செடிகளில் ஏறி இலைக்கடியில் போய்விட்டன. மறுநாள் காலையில் போய்த் தேடினேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"பறந்துடுச்சா மச்சான்?"

"இருக்கும்."

"எங்க இருக்கும்?"

"முட்டை வெச்சிருக்கும். குஞ்சு வரும்."

அவ்வளவுதான் சொன்னார். குஞ்சு என்றால் நான் என்ன நினைப்பேன்? கோழிக்குஞ்சு கோழி மாதிரி இருக்கிறது. வண்டுக் குஞ்சு கறுப்பாக, பொடிசாக, வண்டு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். தினமும் டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது கறுப்புப் புள்ளி தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. வெள்ளைதான் தெரிந்தது. மச்சான் மட்டும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். எனக்குத் தூக்கம் கெட்டுப்போனது.

பதினேழாம் நாள் வியாழக்கிழமை. ரத்தம் கொடுத்துப் பரிசோதனை செய்ய அக்கா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, முதலாளியம்மா எல்லா ஷெட்டையும் சுற்றிப் பார்க்கிற நாள். நான் தண்ணீர் ஊற்ற நாலாம் ஷெட்டுக்குள் போனேன்.

முதல் மேசையிலேயே கை நின்றுவிட்டது.

இலைக்கணுவில், தண்டில், மொட்டின் கழுத்தில், எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பூச்சி. பழைய மாவுப்பூச்சி அரிசிக்குருணை அளவு. இது விரல் நகத்தளவு. உடம்பெல்லாம் மாவு மாவாக முடி தொங்குகிறது. பழையது நகராமல் ஒட்டிக்கிடக்கும், இது விறுவிறு என்று நடக்கிறது. மாவுப்பூச்சி பெருத்துக் கால் முளைத்துக் கிளம்பிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. பன்னிரண்டு மேசையிலும் அதேதான்.

உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு இதை அந்த அம்மா பார்த்தால் ஆறு வாரம் என்ற பேச்சே இல்லை. நாளைக்கே டேங்க். கண் முன்னால் அந்த ஊசிமுனைப் புள்ளி வந்து நின்றது. உங்களத்தான் கேப்பேன் என்ற குரலும் வந்தது.

எழுந்தேன். பக்கெட்டில் சோப்புத்தண்ணீர் கரைத்தேன். பெயிண்டு பிரஷ் ஒன்று எடுத்தேன். செடி செடியாக, கணு கணுவாகத் தேய்த்து அந்த வெள்ளை எல்லாவற்றையும் பக்கெட்டுக்குள் தள்ளினேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. வேலை முடியும் மணி அடிக்கும்போது ஏழு மேசை முடிந்திருந்தது. முதுகு விட்டுப்போனது. ஆனால் ஏழு மேசையும் பளிச்சென்று கண்ணாடி மாதிரி இருந்தது. மிச்சம் ஐந்தைக் காலையில் சீக்கிரம் வந்து முடித்துவிடலாம் என்று போனேன். எத்தனையோ நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன். எனக்கு நானே சபாஷ் வேறு.

காலையில் எனக்கு முன்னால் மச்சான் வந்திருந்தார். பக்கெட் அருகே குந்தி உட்கார்ந்திருந்தார். பெருமையாகத்தான் கிட்டே போனேன்.

"ஏழு மேசை முடிச்சுட்டேன் மச்சான். விட்டிருந்தா செடியையே தின்னுட்டிருக்கும்."

அவர் பக்கெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நடுங்குகிற விரலை விட்டு, மிதந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து என் பக்கம் நீட்டினார். ஒரு பக்கம் கறுப்பு வண்டின் படம். மறுபக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதில் வெள்ளையாக, முடி தொங்கத் தொங்க, அதே பூச்சி.

"இதான் மாப்ள குஞ்சு" என்றார். "மாவுப்பூச்சி வேஷம் போட்டுக்கிட்டுத்தான் வளரும். அப்பதான் எறும்புக்கு அடையாளம் தெரியாது."

எறும்புக்கு மட்டுமா தெரியாது.

பக்கெட்டில் மிதந்தது எல்லாம் அவருடைய உயிர் என்று தோன்றியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்த அஞ்சு மேசை தொடல?"

காட்டினேன். "சொல்லியிருக்கணும். என் தப்பு" என்றார். அது அடி வாங்குவதைவிட வலித்தது.

பக்கெட்டைத் துணியில் வடிகட்டித் தேடினோம். உயிரோடு இருந்தது பதினொன்று. அதற்குள் வெளியே செருப்புச் சத்தம். முதலாளியம்மாவும் சூப்பர்வைசரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அடுத்து நடந்ததை நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்த அம்மா கழுவின ஏழு மேசையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "பரவாயில்லையே, நல்லா வேலை செஞ்சிருக்கே உங்க வண்டு" என்றார். நடந்து எட்டாம் மேசைக்கு வந்தவர் அப்படியே பின்வாங்கினார். "ஐயோ, இது என்ன கண்றாவி. இந்தப் பக்கம் வண்டு வரலையா?"

"இத இப்படியே விட்டா அந்தப் பக்கமும் பரவிடும்மா" என்றார் சூப்பர்வைசர்.

"நாளைக்குக் காலைல இந்த அஞ்சு மேசைக்கு மட்டும் மருந்து அடிச்சிடுங்க. மத்தது அப்படியே இருக்கட்டும்."

மச்சான் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதுதான் வண்டுக் குஞ்சு என்று சொன்னால், ஏழு மேசையில் அது எங்கே போனது என்று என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவர் செய்யமாட்டார். நாளைக்குக் காலையில் ஆணியிலிருந்து டேங்கை எடுத்து மாட்டிக்கொள்வார், என் பேரைச் சொல்லமாட்டார். சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் போவது வேலை இல்லை.

"அம்மா, அந்த ஏழு மேசை வண்டு செஞ்சது இல்ல. நான் கெடுத்தது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட்டையும் காட்டினேன். சூப்பர்வைசருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "திருடன்னு நெனச்சு போலீசையே அடிச்சுக் கொன்ன கதையால்ல இருக்கு" என்றார். முதலாளியம்மா சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. மச்சானைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார்.

அப்போது மச்சான் எட்டாம் மேசையில் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். கை நடுக்கத்தில் கிளையும் நடுங்கியது. "பாருங்கம்மா" என்றார். விரல் நகத்தளவு வெள்ளை ஒன்று, ஒட்டிக்கிடந்த சின்ன வெள்ளையின் மேல் ஏறித் தலையைக் குனிந்தது. நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் சின்னது இருந்த இடத்தில் ஒரு தோல்தான் மிச்சம் இருந்தது. பெரியது அடுத்ததுக்குப் போனது.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்றார் முதலாளியம்மா. "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

அந்த ஏழு நாள் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். ஐந்து மேசையிலிருந்து பாதிக் குஞ்சுகளை ஏழு மேசைக்கு மாற்றவேண்டும். மச்சான் கையால் முடியாது. அவர் இலையைக் காட்டுவார், நான் அதே பெயிண்டு பிரஷ் நுனியில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். மூச்சு வேகமாக விட்டால் விழுந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு நடந்தேன். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தேறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. "அப்படியே இருக்கு. காத்துலகூடப் படக்கூடாது" என்றாராம் டாக்டர். புதன்கிழமை ஐந்து மேசையிலும் பெரிய வெள்ளைகளைக் காணோம். நான் அலறியடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு தொட்டியின் விளிம்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, அசைவில்லாமல் கிடந்தன.

"செத்துப்போச்சா?"

"கூடு கட்டுது."

வியாழக்கிழமை அக்கா ஜன்னலோரத்தில் அவர் கண்ணைப் பார்க்கும்போது நானும் அங்கே இருந்தேன். நாளைக்கு மறுநாள் இதே கண் எப்படி இருக்குமோ என்று நினைத்தேன், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வந்தார். ஏழு மேசையிலும் பஞ்சு மறுபடி வைக்கத் தொடங்கியிருந்தது. நான் தேய்த்தது மேலே இருந்ததைத்தான், கணுவுக்குள் ஒளிந்தது ஒளிந்தபடியே இருந்து குட்டி போட்டுவிட்டது. அந்த ஐந்து மேசையில் தேடினால்தான் வெள்ளை கிடைக்கும். காய்ந்த தோல்கள் தட்டினால் உதிர்ந்தன. போன வாரம் முகம் மலர்ந்த இடத்தில் அந்த அம்மா முகம் சுளித்தார், கண்றாவி என்ற இடத்தில் நின்று இலை இலையாகத் திருப்பினார். சூப்பர்வைசரும் குனிந்து பார்த்தார். அதுவே பெரிய விஷயம்.

"மருந்து வேணாம்" என்றார். "ஆறு வாரம் முடியட்டும்." வாசல்வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க தண்ணி டப்பாவோட நிறுத்திக்குங்க."

அடுத்த பத்து நாளில் கூட்டிலிருந்து வண்டுகள் வந்தன. கறுப்பு உடம்பு, துருப்பிடித்த தலை. ஓட்டல்காரர்கள் வந்த அன்று ஒன்பது மேசைச் செடி போனது. மூன்று மேசை என் கைங்கரியத்தால் தேறவில்லை, வெட்டிவிட்டுத் தளிர்க்க வைத்தோம். பிறகு மச்சானுக்கு மூன்றாம் ஷெட்டும் வந்தது. அவர் விழுந்தாரே, அந்த ஷெட்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மற்ற ஷெட்டுகளுக்கு மாதம் ஒருமுறை வெளியாள் வந்து மருந்து அடிக்கிறான். அன்றைக்கு மச்சான் வேலைக்கு வருவதில்லை. வராத அன்றும் அக்கா அவர் கண்ணைப் பார்க்கிறாள். நீல டேங்க் அதே ஆணியில் தொங்குகிறது. மச்சான் இன்னும் உரக்குழியைச் சுற்றித்தான் போகிறார். இப்போது நானும் அவரோடு சுற்றிக்கொண்டு போகிறேன்.

நேற்றுக் காலையில் மூன்றாம் ஷெட்டில் ஒரு இலையைத் திருப்பி என் முன்னால் நீட்டினார். அடியில் பச்சையாக, முள் முள்ளாக, நான் பார்த்தே இராத ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இது யாரு மாப்ள, சொல்லு."

"தெரியல மச்சான்."

"தெரியலன்னா?"

நான் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவர் இலையை மெதுவாகப் பழையபடி திருப்பி வைத்தார்.